தலைக்கு மேல் இரண்டு கூரை



தோட்டத்து மனிதனுக்குத் தலைக்கு மேல் இரண்டு கூரைகள் உண்டு. ஒன்று, லயத்து வீட்டின் தகரக் கூரை. மற்றொன்று, மோட்டார் சைக்கிளில் ஏறும்போது மாட்டிக்கொள்ளும் தலைக்கவசம். முதல் கூரையைப் போட்டது நிர்வாகம். அதைக் கழற்ற நம்மால் ஆகாது. இரண்டாவதை மாட்டுவதும் கழற்றுவதும் நம் கையில் இருக்கிறது. இவ்விரண்டைப் பற்றியும் நம் மக்கள் சொல்லும் குறை ஒன்றேதான்: "சூடு தாங்க முடியவில்லை!"

குறை உண்மையே. ஆனால் அதற்கு நாம் தேடிக்கொண்ட பரிகாரம் தலைகீழாக இருக்கிறது. வீட்டுச் சூட்டைத் தலைவிதி என்று சகித்துக்கொள்கிறோம். கவசத்தின் சூட்டைச் சகிக்காமல் அதைக் கழற்றி வண்டிக் கூடையில் போடுகிறோம். எதற்காக வாய் திறந்து போராட வேண்டுமோ அங்கே மௌனம்; எதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டுமோ அங்கே பிடிவாதம். இது மாற வேண்டும் என்பதே நம் வாதம்.

நடையிலிருந்து மோட்டாருக்கு

நம் முன்னோருக்குக் கால்தான் வாகனம். பிரட்டுக் களத்துக்கு நடந்தார்கள்; நிரைக்கு நடந்தார்கள்; காண்டா வாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தார்கள். பிறகு சைக்கிள் வந்தது. 1958-ல் ஜப்பானில் ஹோண்டா கம்பெனியார் சூப்பர் கப் என்னும் சிறிய மோட்டார் சைக்கிளை வெளியிட்டார்கள். மெக்கானிக் வேலையிலிருந்து முன்னுக்கு வந்த பினாங்கு வியாபாரி லோ பூன் சியூ அதே ஆண்டில் ஜப்பானுக்குப் போய், அந்த வண்டியைப் பார்த்து, மலாயாவில் விற்கும் உரிமையைக் கேட்டு வாங்கி வந்தார். இன்று நாம் 'கப்சாய்' என்று செல்லமாகச் சொல்லும் வண்டிகள் எல்லாம் அந்தச் சூப்பர் கப்பின் வழி வந்தவைதாம். ஏழையின் வண்டி நம் நாட்டுக்குள் நுழைந்ததில் பினாங்குக்கு இவ்வளவு பெரிய பங்கு உண்டு.

அதன் பிறகு தோட்டங்களின் நிலை மாறிவிட்டது. செபராங் பிறையில் நம் பாட்டன்மார் முதலில் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் வந்துகொண்டிருக்கின்றன. 1972-ல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியதிலிருந்து, பால் வெட்டுபவனின் பிள்ளை தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகலானான். 1985-ல் முதல் பாலம் திறந்தது. 2014-ல் பத்து காவானிலிருந்து இரண்டாவது பாலம் திறந்தது. 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து இரண்டு பாலங்களிலும் மோட்டார் சைக்கிளுக்குச் சுங்கக் கட்டணம் இல்லை என்றாயிற்று. 2023-ல் விடப்பட்ட புதிய பெர்ரிகளிலும் ஆட்களுக்கும் சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும்தான் இடம், காருக்கு இடமில்லை. ஆக, பால் மரத்துக்குப் போகிறவனும் ஜார்ஜ் டவுன் கடைக்குப் போகிறவனும் ஆபீஸ் மேஜைக்குப் போகிற கிராணியும் இன்று இரண்டு சக்கரத்தின் மேல்தான் வாழ்கிறார்கள்.

சாவதும் அதன் மேல்தான். நம் நாட்டில் சாலை விபத்தில் மாளுகிறவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். பெரிய காரில் போகிறவனைச் சுற்றி இரும்பு இருக்கிறது. நம்மைச் சுற்றி இருப்பது சட்டை மட்டுமே.

மரத்துக்குத் தெரிந்த நியாயம்

பால் வெட்டு ஏன் விடியுமுன் தொடங்குகிறது என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரவின் குளிர்ச்சியில் மரத்துக்குள் நீரழுத்தம் நிறைந்து நிற்கிறது. உளி பட்டதும் பால் தாராளமாக மங்குக்கு இறங்குகிறது. வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக விடுகின்றன, அழுத்தம் குறைகிறது, பால் நிற்கிறது. வெயிலில் வேலை வாங்கினால் மரமே ஒத்துழைக்காது. நிர்வாகம் இதை நன்றாக உணர்ந்துகொண்டு, மரத்தின் சௌகரியத்துக்கு ஏற்ப மணி அடிக்கிறது.

மரத்துக்குக் காட்டிய கரிசனத்தை மனிதனுக்குக் காட்டியதா? விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தவன், நெற்றி விளக்குடன் நிரைக்குள் போய், வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துப் போட்டு வீடு திரும்பும்போது நடுப்பகல் ஆகிவிடுகிறது. அவனுக்கு ஓய்வுக்குரிய நேரம் அதுதான். தகரக் கூரை உச்சச் சூட்டில் இருக்கும் நேரமும் அதுதான்! துருப்பிடித்துக் கறுத்த தகரம் நேர் வெயிலில் 60 டிகிரிக்கு மேல் காய்வது சாதாரணம். காய்ந்த தகரம் அடுப்பின் மேல் வைத்த தோசைக்கல்லைப் போல, கீழே படுத்திருப்பவன் மேல் அனலை வீசுகிறது. மின்விசிறி அந்த அனல் காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கிறது. இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் படுக்கும் பிள்ளைக்கும் இதே கதி. லயத்தை விட்டு நகர்ப்புற மலிவு விலை அடுக்குமாடிக்குப் போனவர்கள் தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். பகல் முழுதும் வெயில் குடித்த சிமெண்டுச் சுவர், நள்ளிரவு வரை அதை அறைக்குள் கக்கிக்கொண்டே இருக்கும். மேல்மாடிக்காரரைக் கேட்டால் தெரியும்.

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்குவதற்கு எண்ணெயும் எரிவாயுவும் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நம் வீட்டுக்குச் சூரியனே இலவசமாக அடுப்பு மூட்டிவிடுகிறான். அதை அணைக்கத்தான் நமக்கு வழியில்லை. வழியே இல்லாத காரியமா இது? ஜார்ஜ் டவுனில் 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்த பழைய கடைவீடுகளைப் போய்ப் பாருங்கள். நடுவில் வானம் பார்த்த முற்றம்; சூடான காற்று மேலே போய்விடும். உயர்ந்த தளம், முன்னால் நிழலுக்கு அஞ்சடி நடைபாதை. மலாய்க்காரர்களின் கம்பத்து வீடு கால் ஊன்றி நிற்கிறது. காற்று கீழேயும் போகும், பக்கத்திலும் போகும். நம் ஊர்ப் பக்கத்துச் செட்டிநாட்டு வீட்டின் முற்றமும் இதே தத்துவந்தான். மின்சாரம் இல்லாத காலத்தில், இதே வெயிலில், புத்தியைப் பயன்படுத்திக் கட்டியவை இவை. லயத்தைக் கட்டியவனுக்கு மட்டும் இந்தப் புத்தி வராததற்குக் காரணம், அவன் கணக்கில் செலவு இருந்தது, குடியிருப்பவன் இல்லை.

தூங்காத கண், திறந்த தலை

வீட்டுச் சூடு வீட்டோடு நின்றுவிடுவதில்லை. அது நம்மோடு சாலைக்கு வருகிறது. பகலில் தூக்கமில்லை, இரவில் பிள்ளைகள் படிப்பு, வீட்டு வேலை, மறுநாள் நான்கு மணிக்கு மறுபடியும் எழ வேண்டும். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவனின் நிதானம், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவனின் நிதானத்துக்குச் சமமாகத் தாழ்ந்துவிடுகிறது என்று 1997-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். ஒரு சொட்டுக் கள்ளும் தொடாத உத்தமன்கூட, தூக்கம் கெட்டால் குடித்தவனைப் போலத்தான் வண்டி ஓட்டுகிறான் என்பது இதன் பொருள். அப்படிப்பட்டவன் இருட்டில், லாரிகளுக்கு நடுவில், கவசமில்லாத தலையோடு போகிறான்.

ஏன் மாட்டவில்லை என்று கேட்டால் நான்கு பதில்கள் வருகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"பக்கத்தில்தானே போகிறேன், தோட்டத்துச் சாலைதானே!" என்பது முதல் பதில். போலீஸ் நிற்கும் பெரிய சாலை வந்த பிறகுதான் சிலர் கையில் தொங்கும் கவசத்தைத் தலைக்கு ஏற்றுகிறார்கள். தலை உடைவதற்குத் தூரம் கணக்கில்லை. நின்ற இடத்தில் வண்டி சாய்ந்து, ஐந்தடி உயரத்திலிருந்து தலை தரையில் மோதினாலே அந்த அடியின் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரை நெருங்கும். 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதுவது, மூன்றாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். செம்மண் சாலையில் கல்லும் வேரும் இல்லையா?

"எழுதியபடிதான் நடக்கும்" என்பது இரண்டாவது. எழுத்து அவ்வளவு உறுதியானால் உளி பட்டுக் கை அறுந்தபோது டிரஸ்ஸரிடம் ஏன் ஓடுகிறோம்? 1935 மே மாதம் இங்கிலாந்தில் டி. ஈ. லாரன்ஸ் என்ற பிரசித்தி பெற்ற போர்வீரர், சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள் மேல் மோதாமலிருக்க மோட்டார் சைக்கிளைத் திருப்பித் தூக்கி எறியப்பட்டார். தலையில் பட்ட காயத்தால் ஆறாம் நாள் இறந்தார். அவருக்குச் சிகிச்சை செய்தவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவர். அவர் அதை விதி என்று விட்டுவிடவில்லை. இராணுவத்தில் கடிதம் கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள்காரர்கள் எப்படிச் சாகிறார்கள் என்று கணக்கெடுத்து, 1941-ல் கட்டுரை எழுதினார். கவசம் போட்டவன் பிழைக்கிறான் என்பதற்கு அன்றே ஆதாரம் கிடைத்தது. இன்று நம் தலையில் இருக்கும் கவசத்துக்கு அந்த ஆராய்ச்சியும் ஒரு மூலகாரணம்.

நம் நாட்டிலும் 1973-ல் மோட்டார் சைக்கிள் தலைக்கவச விதிகள் வந்தன. அதன் பலனாக மோட்டார் சைக்கிள் மரணங்கள் சுமார் 30 சதவீதம் குறைந்தன என்று பின்னால் நடந்த ஆராய்ச்சி கணித்தது. பல நாட்டு ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த மருத்துவ அறிஞர்களின் முடிவு இது: கவசம் மரண அபாயத்தை 42 சதவீதமும், தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது. விதியைப் பாதியளவு திருத்தி எழுதும் பொருள் ஒன்று கடையில் கிடைக்கும்போது, வாங்கி மாட்டாதவன் விதியைப் பழிக்கலாமா?

"மாட்டித்தானே இருக்கிறேன்!" என்பது மூன்றாவது. தலையில் இருக்கும், தாடைப் பட்டை பூட்டியிருக்காது. பூட்டாத கவசம் விபத்தில் முதல் வேலையாகத் தனியே பறந்துவிடும். கவசத்தின் வேலை இன்னதென்று தெரிந்தால் இந்தத் தவறு நேராது. வெளி ஓடு அடியைப் பரப்பிக்கொடுக்கிறது. உள்ளே இருக்கும் வெள்ளைப் பஞ்சு போன்ற கெட்டிப் பகுதி நசுங்கி, அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது; தலை திடீரென்று நிற்காமல் சற்று மெல்ல நிற்கிறது. அந்தச் 'சற்று' என்பதில்தான் உயிர் இருக்கிறது. ஒருமுறை பலமாக அடி வாங்கிய கவசம் வெளியே புதிதாகத் தெரிந்தாலும் உள்ளே நசுங்கிப் போயிருக்கும். அதை மறுபடி போடக் கூடாது. வாங்கும்போது சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மலேசியத் தரங்களில் 'எம்.எஸ். 1' என்று முதல் எண்ணைப் பெற்றிருப்பது வாகனமோட்டிகளின் தலைக்கவசந்தான். முத்திரையில்லாத மலிவுச் சரக்கு போலீஸ்காரரை ஏமாற்றும், சாலையை ஏமாற்றாது.

"சூடு தாங்கவில்லை" என்பது நான்காவது. இதில்தான் நியாயம் இருக்கிறது. ஆனால் பரிகாரமும் இருக்கிறது. முகம் திறந்த கவசம் காற்றோட்டமானது. நம் ஓட்டத்துக்கு அதில் முத்திரையுள்ளதே போதும். கறுப்பு நிறம் வெயிலைக் குடிக்கும். வெள்ளை திருப்பி அனுப்பும், இருட்டில் லாரிக்காரன் கண்ணுக்கும் தெரியும். உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டினால் வியர்வையை உறிஞ்சும். வண்டியை வெயிலில் நிறுத்தும்போது கவசத்தைக் கண்ணாடியில் தொங்கவிடாமல் நிழலில் வைத்தால், மாட்டும்போது சுடாது. வெயிலுக்காகச் சட்டையைப் பின்பக்கம் முன்பக்கமாகப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட நம் பிள்ளைகளுக்கு, இவ்வளவு யோசனை ஒரு பாரமா?

ஒரு மறுப்பும் அதன் பதிலும்

இங்கே சில தோழர்கள் குறுக்கிடுவார்கள். "கவசம், கவசம் என்று பேசினால் எல்லாப் பழியும் தொழிலாளி தலையில் விழுந்துவிடும். சாலையைப் பள்ளமாக வைத்திருப்பவன் தப்பிக்கிறான், ஆட்களை ஏற்றிப்போக வண்டி விடாதவன் தப்பிக்கிறான், தூங்க முடியாத வீட்டைக் கொடுத்தவனும் தப்பிக்கிறான்" என்பார்கள். இது ஒதுக்கித் தள்ளக்கூடிய வாதமல்ல. கெட்ட சாலையையும் கெட்ட வீட்டையும் கவசம் நேராக்கிவிடாது. எழுபதுகளில் பெடரல் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்று தனிப்பாதை போட்டார்கள். தனிப்பாதை உயிர் காக்கும் என்று அப்போதே தெரிந்திருந்தும், நாட்டின் பெரும்பாலான சாலைகளில் இன்னும் நாம் லாரியின் ஓரத்தில்தான் போகிறோம். இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஆனால் கேட்பதற்கு உயிரோடு இருக்க வேண்டும், தோழர்களே! நிர்வாகம் திருந்தும் வரை நான் தலையைத் திறந்தே வைத்திருப்பேன் என்பது வேலைநிறுத்தம் ஆகாது. அதனால் நிர்வாகத்துக்கு ஒரு வெள்ளிகூட நஷ்டமில்லை. நஷ்டமெல்லாம் நம் பெண்டு பிள்ளைகளுக்குத்தான். வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தை, 1969-ம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வேலையில் நேர்ந்த விபத்தாகவே கருதுகிறது. சொக்சோவில் சந்தா கட்டியவனுக்கு அதன்படி உதவி உண்டு. இது தொழிலாளிக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு. கிராணிமார்கள் பாரம் நிரப்பிக்கொடுத்து அதை வாங்கித்தர வேண்டும். ஆனால் சொக்சோ பணம் கொடுக்கும். பேச்சையும் நினைவையும் இழந்து படுத்துவிட்டவனுக்குப் பேச்சைத் திருப்பிக் கொடுக்காது.

கேட்க வேண்டியதைக் கேட்போம்

இனி முதல் கூரைக்கு வருவோம். தோட்டத்து வீடுகளுக்கென்று 1966-லேயே குறைந்தபட்ச வீட்டுவசதித் தரச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1990-ல் 446-ம் எண் சட்டம் வந்தது. 2019-ல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் தோட்டத்துக்கு வெளியே உள்ள முதலாளிமார் கொடுக்கும் இருப்பிடங்களுக்கும் அது விரிந்தது. முதலாளி கொடுக்கும் வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்பது இதன் சாரம். தொழிலாளி கவசம் போடவில்லையானால் சம்மன் வருகிறது. வீட்டை அடுப்பாக வைத்திருக்கும் நிர்வாகத்துக்கும் அதே கண்டிப்பு ஏன் இருக்கக் கூடாது?

நாம் கேட்பது குளிர்சாதன இயந்திரமல்ல. ஓட்டைக் கூரையின் கீழ் அதை ஓட்டினால் மின்சாரக் கட்டணம்தான் ஏறும். நாம் கேட்பது சின்னச் சின்னக் காரியங்கள். துருப்பிடித்த தகரத்தை மாற்றுவது, அல்லது சுத்தம் செய்து வெயிலைத் திருப்பும் வெள்ளைச் சாயம் அடிப்பது. தகரத்துக்கு அடியில் பளபளக்கும் அலுமினியத் தாள் விரித்துத் தட்டோடு போடுவது. கூரை முகட்டில் சூடான காற்று வெளியேற வாய் வைப்பது. மேற்குச் சுவருக்கு நிழல் தர மரம் நடுவது. தவரணையில் லட்சக்கணக்கில் கன்று வளர்க்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு லயத்துக்குப் பத்து மரம் நட முடியாதா? இந்தியாவில் அகமதாபாத் நகரம் 2010-ம் ஆண்டுக் கொடும் வெயிலில் பலரைப் பறிகொடுத்த பிறகு, 2013-ல் வெப்பத்துக்கென்றே ஒரு செயல் திட்டம் வகுத்தது. 2017-ல் ஏழைகளின் குடிசைப் பகுதிகளில் கூரைகளுக்கு வெள்ளையடித்தது. சுண்ணாம்பும் சாயமும் கொண்டு செய்த காரியம் அது. 1998 ஏப்ரலில் பெர்லிசின் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவான நாடு நம்முடையது. இனி வரும் ஆண்டுகளில் வெயில் குறையும் என்று எந்த அறிஞரும் சொல்லவில்லை.

ஆகவே கிளைச் சங்கங்கள் இரண்டு காரியங்களை ஒரே சமயத்தில் கையிலெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒன்று, சாதாரண வெப்பமானி ஒன்றை வாங்கி, பகல் இரண்டு மணிக்கு வீடு வீடாக உள்ளே எத்தனை டிகிரி என்று ஒரு மாதம் குறித்து வைப்பது. கணக்கெழுதும் கை கிராணிமார்களுடையது. அவர்கள் இதில் முன்னிற்க வேண்டும். "சூடாக இருக்கிறது" என்று சொன்னால் துரை சிரிப்பார். நாளும் நேரமும் டிகிரியும் எழுதிய தாளைத் தொழிலாளர் இலாகா அதிகாரி முன் வைத்தால் சிரிக்க மாட்டார்.

மற்றொன்று, முத்திரையுள்ள கவசங்களைக் கிளையின் பெயரில் மொத்தமாக விலை பேசி வாங்கி, உறுப்பினர்களுக்குத் தவணையில் கொடுப்பது. பின்னால் உட்காரும் மனைவிக்கும், பள்ளிக்குக் கொண்டுவிடும் பிள்ளைக்கும் அளவுக்கேற்ற கவசம் வேண்டும். அப்பன் தலையில் கவசமும் நடுவில் உட்கார்ந்த குழந்தையின் தலையில் ரிப்பனும் இருக்கும் காட்சி நம் தோட்டங்களிலிருந்து மறைய வேண்டும். பிரட்டுக் களத்துக்கு வண்டியில் வருகிற ஒவ்வொருவரும் பட்டையைப் பூட்டியிருக்கிறாரா என்று ஒருவரையொருவர் பார்த்துச் சொல்லிக்கொண்டால், போலீஸ்காரர் நமக்குத் தேவையில்லை.

தகரக் கூரைக்குப் பதில் சொல்ல வேண்டியது முதலாளி. அவரிடம் கேட்போம், விடாமல் கேட்போம். தலைக்கவசத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது நாம். நாளை விடியற்காலை, நெற்றி விளக்கைத் தேடும் கை அதையும் தேடி எடுக்கட்டும். பட்டையைப் பூட்டிவிட்டு வண்டியை முடுக்கட்டும்.